பருவத்தின் முதல் ஸ்கீ டூரிங்: போ சம்மிட்டில் மூட்டம் இறங்கினால் எங்கே போகலாம், எங்கே திரும்பணும்?

கேள்வி: பைன்_நிழல், கல்கரி

வணக்கம். வரும் சனிக்கிழமை நாங்கள் நான்கு நண்பர்கள் பான்ஃப் தேசியப் பூங்காவின் போ சம்மிட் கணவாய்க்கு ஸ்கீ டூரிங் (லிஃப்ட் இல்லாமல் ஸ்கீயிலேயே மலையேறி இறங்குவது) போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நால்வரும் ரிசார்ட்டில் பல வருடம் சறுக்கியவர்கள், பிளாக் ரன் (கடினமான சரிவு) இறங்குவதில் சிரமம் இல்லை. ஆனால் லிஃப்டும் ரோந்தும் இல்லாத மலையில் சொந்தமாக முடிவெடுத்துப் போன பழக்கம் குறைவு. இரண்டு பேர் ஏஎஸ்டி 1 (பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி) முடித்திருக்கிறார்கள். புதைந்தவரைத் தேடி எடுக்க பீக்கன் (சிக்னல் கருவி), புரோப் (குத்திப் பார்க்கும் நீளக் கோல்), ஷவல் ஆளுக்கொன்று இருக்கிறது.

வெள்ளி இரவு 10 முதல் 15 செ.மீ. புதுப்பனி, தென்மேற்கிலிருந்து பலமான காற்று, சனி முழுக்க மேகம் தாழ்ந்து நிற்கும், வெப்பநிலை −8 டிகிரி அளவில் இருக்கும் என்கிறது முன்னறிவிப்பு. பனிச்சரிவு அறிக்கையில் எங்கள் பகுதிக்கு இன்னும் அபாய அளவே போடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் 30 செ.மீ., மேலே 50 செ.மீ.க்கு மேல் பனி இருப்பதாகப் போய்வந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

எங்கள் எண்ணம் பீட்டோ ஏரி பார்க்கிங்கிலிருந்து ஏறி, மர எல்லைக்கு மேலே இருக்கும் திறந்த கிண்ணச் சரிவில் இரண்டு முறை இறங்குவது. இவ்வளவு பனி போதுமா? மூட்டத்தில் வழி தவறாமல் இருக்க போன் வரைபடம் ஒன்றே போதுமா? முதல் பயணத்தில் சாமான்களில் என்ன கோளாறு வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சாய்வுமானி

அபாய அளவு போடவில்லை என்பதை ஆபத்து குறைவு என்று படித்துவிடாதீர்கள். மதிப்பிடும் அளவுக்குக் களத்திலிருந்து தகவல் வரவில்லை, அவ்வளவுதான். அறிக்கை வழக்கமாகச் செய்து தரும் வேலையை அன்றைக்கு நீங்கள் நால்வரும் செய்தாக வேண்டும். அதுவும் மூட்டத்துக்குள்.

பருவத் தொடக்கத்தின் பெரிய சிக்கல் இதுதான்: ஸ்கீ ஓடும் அளவுக்குப் பனி எங்கே சேர்ந்திருக்கிறதோ, சரிந்து வரக்கூடிய பனியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தென்மேற்குக் காற்று முகட்டின் ஒரு பக்கத்தைத் துடைத்துப் பாறையை வெளியே காட்டும். அள்ளிய பனியை வடகிழக்கு, கிழக்குச் சாய்வுகளிலும் ஓடை வெட்டுகளிலும் கொண்டுபோய் இறுக்கமாக அடுக்கும். "மேலே 50 செ.மீ.க்கு மேல் இருக்கிறது" என்று பதிந்தவர்கள் பெரும்பாலும் அப்படிக் காற்று அடுக்கிய இடத்தில்தான் அளந்திருப்பார்கள். நீங்கள் குறிவைத்திருக்கும் கிண்ணமும் அந்த வகைதான்.

அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ராக்கீஸில் அக்டோபரில் விழும் பனி மெல்லிசாகத் தரையை மூடிக் கிடக்கும். தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும், மேற்பரப்பு தெளிந்த இரவில் −15 வரை இறங்கும். ஆழம் 40 செ.மீ. என்றால் மீட்டருக்கு 37 டிகிரி வேறுபாடு. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் தங்களுக்குள் இருக்கும் பிணைப்பை இழந்து, கோணம் கோணமான படிகங்களாக மாறத் தொடங்கிவிடும். பனி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். கையுறையைக் கழற்றி அடிப்பனியை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சர்க்கரை போல விரலிடுக்கில் கொட்டினால், எவ்வளவு அழுத்தியும் உருண்டை பிடிக்க வராவிட்டால், அதுதான் அந்த அடுக்கு. வெள்ளி இரவு காற்று கொண்டுவரும் ஸ்லாப் (ஒன்றாக இறுகிய பனிப்பலகை) இதன் மேல்தான் உட்காரப் போகிறது.

ஆழம் போதுமா என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, தரையைப் பொறுத்தது. பழைய சாலை, புல்தரை என்றால் 30 செ.மீ.யில் மெதுவாக ஓட்டலாம். பாறைக் குவியலில் அதே 30, 40 செ.மீ. பாறை முனைகளைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, உங்களை அவற்றிடமிருந்து காப்பாற்றாது. அங்கே 80 செ.மீ. இல்லாமல் திருப்பம் போட வேண்டாம். ஸ்கீ கோலில் அடியிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு டேப் சுற்றி அளவுகோல் ஆக்குங்கள். ஏறும்போது இருபது முப்பது அடிக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். முதலில் கெட்டியாகத் தடுத்து, பிறகு திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் கோல் உள்ளே விழுந்தால், மேலே ஸ்லாப், கீழே சர்க்கரை. தோண்டாமலே கிடைக்கும் தகவல் இது.

சின்னச் சரிவுதானே, என்ன ஆகும் என்ற எண்ணம் நவம்பரில் ரொம்ப ஆபத்து. கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரின் உயிரை எடுத்தது மூச்சுத்திணறல் இல்லை, அடிபட்ட காயம். பருவத் தொடக்கத்தில் ஆளைப் புதைக்க முடியாத அளவு சின்ன ஸ்லாப்பும் பாறை மேலும் கட்டை மேலும் இழுத்துப்போய் மோதவிடும். முதுகுப்பையிலிருந்து ஊதி விரியும் ஏர்பேக் புதையாமல் இருக்க உதவுமே தவிர பாறையில் மோதுவதைத் தடுக்காது. தலைக்கவசம் ஏறும்போதும் தலையில் இருக்கட்டும்.

இனி மூட்டம். ஏஎஸ்டி 1 வகுப்பில் சொல்லித்தரும் எச்சரிக்கை அறிகுறிகளில் பாதி கண்ணால் பார்ப்பவை: பக்கத்துச் சாய்வில் புதிதாக விழுந்த சரிவு, முகட்டில் பறக்கும் பனி, காற்று அடுக்கிய மேடு. மூட்டத்தில் இவை மூன்றும் கிடையாது. மிஞ்சுவது ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல், கோலில் கைக்குத் தெரியும் அடுக்கு, காலடியில் "வும்ப்" என்று பனி அமுங்கும் சத்தம். வும்ப் கேட்டால் அந்த நாளின் திட்டம் அங்கேயே முடிந்தது. காரணம், நீங்கள் நிற்பது சமதரையாக இருந்தாலும் அந்த உடைப்பு பலவீன அடுக்கு வழியாகப் பரவி, மேலே கண்ணுக்குத் தெரியாத சாய்வைக் கீழே இறக்கக்கூடும்.

அதனால் இந்தச் சனிக்கிழமைக்குக் கிண்ணத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் திடமான கருத்து. பார்க்கிங்கிலிருந்து மேல் காட்சிமுனைப் பக்கம் போகும் சாலை, அதைச் சுற்றியுள்ள காட்டுச் சாய்வு, மர எல்லைக்குக் கீழேயே திரும்புதல். 30 டிகிரிக்குக் குறைந்த இடம், அதற்கு மேலேயும் செங்குத்தான சாய்வு தொங்காத இடம். பெரும்பாலான ஸ்லாப் சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் தொடங்குகின்றன, ஆனால் விழுந்து வரும் பனி அந்தக் கோட்டோடு நின்றுவிடாது. மேலே தொங்குவதைப் பார்க்க முடியாத நாளில் அடிவாரச் சமவெளியையும் சாய்வின் பகுதியாகவே கணக்கில் எடுங்கள்.

பதில் 2: வடக்குமுனை

சாய்வுமானி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வழி கண்டுபிடிப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

போன் வரைபடம் அவசியம். அது மட்டும் போதாது. கல்டோப்போ, காயா என்று எந்த வரைபடச் செயலியானாலும் சாய்வு நிறம் காட்டும் அடுக்கைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். அந்த நிறம் 20, 30 மீட்டர் கட்டங்களாக அளந்த உயரத் தரவிலிருந்து கணக்கிடப்படுகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு 38 டிகிரியில் புடைத்து நிற்கும் ஒரு மடிப்பு அந்தச் சராசரியில் கரைந்துபோய், திரையில் நிறமே இல்லாத பத்திரமான இடமாகத் தெரியும். சமவுயரக் கோடுகளும் அப்படியே: இடைவெளி 40 மீட்டர் என்றால் அதைவிடச் சிறிய பாறைத் தட்டு இரண்டு கோட்டுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் ஒளிந்திருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண் இதைத் திருத்திவிடும். மூட்டத்தில் திருத்த ஆள் இல்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று. உச்சியை நோக்கி ஒரே கோடு இழுக்காமல் பாதையை 300, 400 மீட்டர் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவும் மூட்டத்திலும் உறுதி செய்யக்கூடிய இடமாக இருக்கட்டும்: சாலை வளைவு, ஓடை, சாய்வு சட்டென்று மட்டமாகும் இடம். ஒவ்வொன்றுக்கும் உயரம், திசைக்கோணம், தூரம், போய்ச்சேர எடுக்கும் நேரம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். நேரத்துக்கு முன்டர் கணக்கு எளிது: கிலோமீட்டரோடு ஏற்றத்தை நூறு மீட்டர்களாகக் கூட்டி 4ஆல் வகுக்க வேண்டும். 3 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம் என்றால் 3 + 3 = 6, வகுத்தால் ஒன்றரை மணி நேரம். இறக்கத்துக்கு வழக்கமாக 10ஆல் வகுப்பார்கள், மூட்டத்தில் 6 போடுங்கள்.

போ சம்மிட்டில் மனதில் பதிய வேண்டியது, கிழக்கே ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, மேற்கே பீட்டோ ஏரிப் பள்ளம். கிழக்குப் பக்கம் வழி பிசகினாலும் கடைசியில் நெடுஞ்சாலை குறுக்கே வந்து உங்களைப் பிடித்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் இறங்கிவிட்டால் செங்குத்தான காடு, கீழே ஏரி. சாலை கிடையாது, திரும்பி ஏறித்தான் வர வேண்டும். ஆகவே சந்தேகம் வரும்போதெல்லாம் தவறு கிழக்குப் பக்கமாகவே இருக்கட்டும்: பார்க்கிங்கை நேராகக் குறிவைக்காமல் வேண்டுமென்றே சற்றுக் கிழக்கே தள்ளிக் குறிவையுங்கள். சாலையில் ஏறிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

திசைகாட்டியில் காந்த விலக்கத்தை (ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு) சரிசெய்து வையுங்கள். அந்தப் பகுதியில் அது ஏறக்குறைய 14 டிகிரி கிழக்கு. இதை மறந்தால் 500 மீட்டர் நடப்பதற்குள் 125 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள். பீக்கன், போன், காந்தம் வைத்த போன் உறை எல்லாம் ஊசியை இழுக்கும், எனவே கையை நீட்டி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள். போனில் இருக்கும் திசைகாட்டியும் காந்த உறையில் இருந்தால் தவறாகக் காட்டும். ஜிபிஎஸ் புள்ளி சரியாக இருக்க, அம்பு மட்டும் வேறு பக்கம் திரும்பி நிற்பதன் காரணம் இதுதான்.

உயரமானி காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்வதானால், வானிலை மோசமாகும்போது நீங்கள் நகராமலே எண் ஏறும். அந்த உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் ஏறக்குறைய 10 மீட்டர் கூடுதலாகக் காட்டும். தெரிந்த இடம் வரும்போதெல்லாம் திருத்திக்கொள்ளுங்கள்.

மூட்டத்தில் நகரும் முறை: முன்னால் போகிறவருக்குத் திசைகாட்டி வேண்டாம். 10, 15 மீட்டர் பின்னால் வருகிறவர் கோணத்தைப் பிடித்துக்கொண்டு "இடது", "வலது" என்று சொல்லட்டும். மூன்றாமவர் உயரமும் நேரமும் பார்க்கட்டும், நான்காமவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்கட்டும். தானே திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு முன்னே போகிறவர், ஒட்டிப் பிடிக்க எதுவும் இல்லாத வெள்ளையில் சாய்வின் பக்கம் தானறியாமல் வழுக்கிக்கொண்டே போவார். முன்னால் தரை இருக்கிறதா, இறங்குகிறதா என்று தெரியாவிட்டால் ஒரு பனி உருண்டையை எறியுங்கள். பட்டு நின்றால் தரை. விழுந்து மறைந்தால் நில்லுங்கள். அடிப்பனியில் உருண்டை பிடிக்க வராது, புதுப்பனியை அழுத்திப் பிடிக்கலாம். அதுவும் வராவிட்டால், 5 மீட்டர் வண்ணக் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டு முன்னால் வீசுங்கள்.

ஏறிய தடம் திரும்பும்போது இருக்கும் என்று நம்பாதீர்கள். காற்றடிக்கும் திறந்த வெளியில் அரை மணி நேரத்துக்குள் மூடிவிடும். காட்டுக்குள் நிலைக்கும்.

இன்னொன்று. பனிச்சரிவு வரக்கூடிய சாய்வில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு இறங்க வேண்டும். மூட்டத்தில் ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் மறையவே கூடாது. இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க வழியே இல்லை. 15 மீட்டருக்கு மேல் தெரியாத நாளில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வைத் தொடக்கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பதில் 3: யாழ்_ராக்கீஸ்

சாமான் பக்கத்தை நான் சொல்லுறன். எல்லாம் முதல் நாள் இரவு வீட்டில செய்யிற வேலை.

பீக்கன்: கோடை முழுக்க உள்ளே கிடந்த பட்டரியைத் தூக்கிப் போட்டிட்டுப் புது அல்கலைன் போடுங்கோ. கையேட்டில லித்தியம் அனுமதிச்சிருந்தால் மட்டும் லித்தியம், ரீசார்ஜபிள் வேண்டவே வேண்டாம். பட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சைக் களிம்பு, உப்புப் பூத்திருக்குதா எண்டு பாருங்கோ. போன், கோப்ரோ, ரேடியோ எல்லாம் அனுப்பும் நிலையில பீக்கனுக்கு 20 செ.மீ. தள்ளி, தேடும் நிலையில 50 செ.மீ. தள்ளி இருக்க வேணும். பட்டரியில சூடாகிற கையுறை போட்டவை தேடும்போது அதை அணைக்க வேணும், இல்லாட்டி பீக்கன் இல்லாத சிக்னலைத் துரத்தும். பார்க்கிங்கில கிளம்ப முன்னம் ஒருத்தர் தள்ளி நிண்டு எல்லாரையும் தேடும் நிலையில வைச்சும், பிறகு அனுப்பும் நிலையில வைச்சும் பார்க்கட்டும். புதைஞ்ச ஆளை முதல் 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தால் பத்தில ஒன்பது பேர் தப்புவினம், அதுக்குப் பிறகு அந்த எண் மளமளவெண்டு விழும். புரோப்பைப் பையில இருந்து எடுத்துப் பொருத்துறதையும் மணிக்கூடு பார்த்துப் பழகுங்கோ.

ஸ்கின் (ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீ அடியில ஒட்டுற பட்டை): போன வருஷம் ஒட்டி மடிச்சு வைச்சதைப் பிரிச்சுப் பசை உரியுதா எண்டு பாருங்கோ. ஈரமான புதுப்பனியில ஏறிக் குளிர்ந்த பனிக்குள்ள போனால் ஸ்கின்னுக்கு அடியில பனி கட்டிகட்டியாய் ஒட்டும், ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கூடின மாதிரி இருக்கும். ஸ்கின் மெழுகு ஒரு கட்டி கொண்டு போங்கோ, பூசுறது கிளம்ப முன்னம், ஒட்டின பிறகு இல்லை. பசை விட்டால் ரப்பர் ஸ்ட்ராப் இரண்டு ஸ்கீயைச் சுத்திக் கட்டிச் சமாளிக்கலாம். ஆளுக்கு இரண்டு ஸ்ட்ராப், கட்டாயம். கழட்டின ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள்ள உடம்போட வையுங்கோ, பையில போட்டால் அடுத்த ஏற்றத்துக்குப் பசை விறைச்சுப் போகும்.

பின் பைண்டிங் (பூட்ஸ் மூக்கை இரண்டு ஊசியால பிடிக்கிற வகை): முன் துண்டின்ர சிறகுக்குக் கீழ இருக்கிற ஸ்பிரிங் இடைவெளியில பனி இறுகினால் ஊசி முழுசாய் மூடாது. மூடின மாதிரித் தெரியும், இரண்டாவது திருப்பத்தில ஸ்கீ கழண்டு போகும். பாறை மேல அது நடக்கிறது எலும்புக்கு நல்லதில்லை. ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் நுனியால கிண்டி எடுத்திட்டு, பூட்ஸ் மூக்கில இருக்கிற குழியையும் துடைச்சு, பொருத்தினதும் குதியைத் தூக்கி முன்னும் பின்னும் பத்துத் தரம் ஆட்டுங்கோ. பனி இருந்தால் அதிலயே வெளிய வரும்.

காகிள்ஸ்: மூட்டத்துக்குக் கறுப்புக் கண்ணாடி உதவாது. மஞ்சள் அல்லது ரோஸ் நிறத்தில 50, 60 வீதம் ஒளி விடுற லென்ஸ் எடுங்கோ. ஏறும்போது போடாதேங்கோ, வியர்வையில புகைஞ்சு போனால் இறங்கும்போது இரட்டை மூட்டம். ஏற்றத்துக்குச் சாதாரண மஞ்சள் கண்ணாடி.

ஸ்கீ: பழைய ஜோடி வைச்சிருந்தால் அதைக் கொண்டு போங்கோ. அடிப்பக்கம் கிழியிறது, விளிம்பு பிடுங்குப்படுறது எல்லாம் இந்த மாதம்தான். திருத்த ஒரு போஸிட்ரைவ் 3 ஸ்குரூ டிரைவர் பிட், கொஞ்சம் ஸ்டீல் வூல், எபோக்ஸி, டக்ட் டேப், ஒரு மீட்டர் மெல்லிசுக் கம்பி. பைண்டிங் ஸ்குரூ கழண்டு ஓட்டை பெருத்தால் ஸ்டீல் வூலை எபோக்ஸியில தோய்ச்சு அடைச்சு இறுக்கலாம். ஆனால் குளிரில எபோக்ஸி கெதியில இறுகாது, அதால முதலில கம்பியும் ஸ்ட்ராப்பும்தான்.

போன்: உள் பொக்கெட்டில, விமானப் பயன்முறையில. வரைபடத்தை வீட்டு வைஃபையிலயே இறக்கி, பயன்முறையை மாத்தித் திறந்து பாருங்கோ. 10,000 எம்ஏஎச் பவர் பாங்கும் அதே மாதிரி உடம்புச் சூட்டில இருக்க வேணும்.

பைன்_நிழல்:

மூவருக்கும் மிக்க நன்றி. கிண்ணத்தை எடுத்துவிட்டோம். சாலையும் காடும்தான், மர எல்லைக்குக் கீழே திரும்புகிறோம். இரண்டு சந்தேகம். மூட்டம் ஒரே அளவில் நிற்காமல் பத்து நிமிடம் விலகி மறுபடி மூடும் நாட்களில் எதை வைத்து முடிவெடுப்பது? விலகும்போது மேலே பார்த்ததும் ஆசை வரும் என்று எனக்கே தெரியும். இன்னொன்று, காட்டுக்குள் ஒருவருக்குக் கால் உடைந்தால் எவ்வளவு நேரத்தில் உதவி வரும்?

பதில் 4: சாய்வுமானி

மூட்டம் விலகும் பத்து நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: மேலே என்ன தொங்குகிறது, காற்று எங்கே அடுக்கியிருக்கிறது, அடுத்த முறைக்கு எந்த வரி நல்லது. படம் எடுத்து வையுங்கள். மூட்டம் விலகினதும் ஏறலாம் என்று தோன்றும், ஆனால் நீங்கள் ஏறி முடிப்பதற்குள் திரும்ப மூடியிருக்கும், இறங்குவது மூட்டத்துக்குள்தான்.

திரும்பும் விதியை வீட்டில் எழுதி நான்கு பேரும் வாட்ஸப் குழுவில் "சரி" போட்டுவிடுங்கள். உங்கள் நாளுக்கு இப்படி எழுதலாம்: மரங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கத் தொடங்கும் உயரம்தான் உச்சம், வானம் எப்படி இருந்தாலும். அடுத்த மரக்கூட்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஸ்கின்னைக் கழற்றாமல் ஏறிய தடத்திலேயே இறக்கம். ஒரு வும்ப், அல்லது ஸ்கீயிலிருந்து ஓடும் ஒரு விரிசல், உடனே திரும்பல். எங்கே இருந்தாலும் பகல் 1:30க்குத் திரும்பல். நவம்பர் நடுவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மூட்டத்தில் அதற்கும் முன்பே இருட்டும். நால்வரில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புவது என்பதையும் சேருங்கள். நண்பர்களுக்குள் அனுபவசாலி என்று ஒருவர் இருப்பார். மற்ற மூவருக்கும் தோன்றுவதை அவர் முன்னால் சொல்லத் தயக்கம் வரும். அதை உடைக்கத்தான் இந்த வரி.

தோண்டிப் பார்ப்பதை வைத்து மேலே போக அனுமதி வாங்கப் பார்க்க வேண்டாம். 30 செ.மீ.க்கு 90 செ.மீ. தூணை வெட்டி, மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 என்று தட்டும் சோதனையைப் பழகுவதற்காகச் செய்யுங்கள், நல்ல பயிற்சி. தூண் முழுக்க உடைந்து ஓடினால் "இங்கே பலவீனம் உண்டு" என்று நம்பலாம். உடையாவிட்டால் அந்த ஒரு குழியில் உடையவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லாது.

பதில் 5: வடக்குமுனை

கால் உடைந்தால்: ஹெலிகாப்டர் மூட்டத்தில் பறக்காது. மீட்புக் குழு சாலைவழி வந்து ஸ்கீயில் ஏறித்தான் உங்களை அடைய வேண்டும், எனவே மணிக்கணக்கில் காத்திருக்கத் தயாராகப் போங்கள். லேக் லூயிஸைத் தாண்டினால் பார்க்வேயில் செல்போன் சிக்னல் இல்லை. இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவி ஒன்று, அது ஒருவரிடம் மட்டும் இருந்தாலும் நால்வருக்கும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐபோன் 14இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் அவசர அழைப்பு உண்டு, ஆனால் வானம் திறந்து தெரியும் இடத்தில் நின்று போனைச் சரியான திசையில் பிடிக்க வேண்டும். அடர்ந்த மரத்தடியில் செய்தி போகத் தாமதமாகும்.

நான்கு பேருக்கு நான் எடுக்கச் சொல்வது: நால்வர் உட்காரும் அவசரக் கூடாரப் பை ஒன்று, பாய் போல விரியும் ஃபோம் இரண்டு, ஆளுக்கொரு கனமான டவுன் ஜாக்கெட், வளைத்துக் கட்டும் சாம் ஸ்பிளின்ட் ஒன்று, மீள்துணிக் கட்டு இரண்டு, ஆளுக்கு அரை லிட்டர் சூடான இனிப்புப் பானம், ஆளுக்கொரு ஹெட்லாம்ப், மாற்று பட்டரி. அடிபட்டவரை முதலில் ஃபோமில் ஏற்றுங்கள், ஜாக்கெட் போடுவது அதற்குப் பிறகு. அசையாமல் கிடக்கும் உடம்பின் சூட்டைக் காற்றைவிட வேகமாகத் தரைப்பனி உறிஞ்சும்.

நவம்பர் 1 முதல் பார்க்வேயில் குளிர்கால டயர் கட்டாயம். பெட்ரோலை லேக் லூயிஸிலேயே நிரப்புங்கள், அதற்கு வடக்கே சஸ்காட்செவன் கிராசிங் பங்க் குளிர்காலத்தில் மூடியிருக்கும். திரும்பும் நேரத்தையும் எந்த நேரத்துக்கு மேல் அழைக்க வேண்டும் என்பதையும் கல்கரியில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதில் 6: யாழ்_ராக்கீஸ்

வெள்ளி இரவு 15ஐத் தாண்டி 25, 30 விழுந்தால், இல்லாட்டி காலையில பார்க்கிங்கிலயே எதிர்க் கார் தெரியாத அளவு மூட்டம் எண்டால், அங்கேயே நிக்காமல் லேக் லூயிஸுக்குத் திரும்பி மொரேன் லேக் சாலைக்குப் போங்கோ. அக்டோபர் நடுவில வாகனத்துக்கு மூடிவிடுவினம், பிறகு அது ஸ்கீ பாதை. முதல் 8 கி.மீ. அளவு, காட்சிமுனை வரைக்கும் போய்த் திரும்பலாம், அதுக்கு அப்பால பனிச்சரிவு விழுற பாதைகள் சாலையைக் குறுக்கே வெட்டுது, அங்க போக வேண்டாம். ரிசார்ட்டுக்குள்ள ஏறலாம் எண்டு நினைச்சால் அந்த ரிசார்ட் ஏற அனுமதிக்குதா எண்டு முதல்ல பாருங்கோ. திறக்க முன்னம் பனி சமப்படுத்துற வண்டியை வின்ச் கேபிளில கட்டி இழுப்பினம், மூட்டத்தில அந்தக் கேபிள் கண்ணுக்குத் தெரியாது.

மொரேன் சாலையில பீக்கன் தேடிப் பழக நல்ல இடமிருக்குது: பார்க்கிங்குக்குப் பக்கத்து மரங்களுக்குள்ள ஒரு பீக்கனை பிளாஸ்டிக் பையில சுத்தி 50 செ.மீ. புதைச்சு, ஆளுக்கு மூண்டு தரம். எடுக்கும்போது புரோப் பட்ட இடத்தில நேரே கீழே தோண்டாமல், ஆழத்தின்ர ஒன்றரை மடங்கு கீழ்ப்பக்கம் தள்ளி நிண்டு உள்ளே வெட்டிக்கொண்டு போங்கோ.